நோயைச் செக் மொழியில் சொல்ல ஆங்கிலம் எதற்கு?

கேள்வி இதுதான். அடுத்த மாதம் செக் நாட்டின் ப்ர்னோ நகரில் வேலைக்குச் சேரப் போகும் ஒருவர் கேட்கிறார்: "எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். உடம்பு சரியில்லாமல் போனால் சமாளிக்க, நோய் பற்றிய ஆங்கிலச் சொற்களையும் அவற்றுக்கு நேரான செக் சொற்களையும் பட்டியலாகத் தர முடியுமா?"

பட்டியல் தருவது பெரிய வேலை இல்லை. நானும் அப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் இந்த ஊருக்கு வந்தேன். இரண்டு வருடம் அதை வைத்து முட்டி மோதிய பிறகுதான் புரிந்தது: நோயைப் பற்றிப் பேசும்போது செக் மொழிக்குப் பக்கத்து வீடு ஆங்கிலம் இல்லை, தமிழ். உறவு ஏதும் கிடையாது, இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் உடம்பைப் பற்றி நினைக்கிற விதம் பல இடங்களில் ஒத்துப்போகிறது. நீங்கள் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, அதைச் செக் ஆக்கினால் சுற்றுவழி. இரண்டு முறை தடுக்கி விழுவீர்கள்.

முதல் சொல்லிலிருந்தே தொடங்கலாம். நோய்க்குச் செக்கில் 'நெமொட்ஸ்'. 'நெ' என்றால் இல்லை. 'மொட்ஸ்' என்றால் வலிமை, இயலும் தன்மை. 'என்னால் முடியாது' என்று சொல்வதற்கு 'நெமொஹு' என்பார்கள். அதுவும் இதே வேர்தான். அப்படியானால் நெமொட்ஸ் என்பதற்கு நேர் பொருள் என்ன? முடியாமை. நம் ஊரில் "அப்பாவுக்கு முடியலை" என்றால் அவர் எதைச் செய்ய முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை, படுத்திருக்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். அதே கணக்கு. ஆஸ்பத்திரிக்கு 'நெமொட்ஸ்னிட்ஸே', முடியாதவர்கள் இருக்கும் இடம். நோயாளி ஆணானால் 'நெமொட்ஸ்னீ', பெண்ணானால் 'நெமொட்ஸ்னா'. தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் ஆண் பெண் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இது நமக்குப் புதுசு.

அடுத்து வாக்கியம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'நான்' முன்னால் வந்து நிற்கும்: நான் குளிராக இருக்கிறேன், நான் நோயாக உணர்கிறேன். செக்காரர் அப்படிச் சொல்வதில்லை. 'யே மி ஸிமா' என்பார். 'மி' என்றால் எனக்கு. எனக்குக் குளிருது, அவ்வளவுதான். 'யே மி ஷ்பட்ன்யே' என்றால் எனக்கு ஒரு மாதிரி இருக்கு, குமட்டலாக இருக்கு. 'யே மி லீப்' என்றால் எனக்கு இப்போது பரவாயில்லை. நம் நான்காம் வேற்றுமையில் 'கு' செய்கிற வேலையை அங்கே மூன்றாம் வேற்றுமை செய்கிறது. எண்ணிக்கை மட்டும் வேறு, ஆள் ஒன்று. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து 'நான் குளிர்ச்சியானவன்' என்று செக்கில் சொன்னால், ஈவு இரக்கம் இல்லாத ஆள் என்று உங்களை நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்வதாக ஆகிவிடும்.

வலிக்கு வருவோம். 'பொலீ ம்ன்யெ ஹ்லவா'. பொலீ என்றால் வலிக்கிறது, ம்ன்யெ என்றால் என்னை, ஹ்லவா தலை. தலை என்னை வலிக்கிறது. நாம் 'எனக்கு' என்போம், அவர்கள் 'என்னை' என்பார்கள். பசி என்னை வாட்டுது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, வலிக்கிறது என்ற வினையே வாக்கியத்தைச் சுமக்கிறது. 'எனக்கு ஒரு தலைவலி உண்டு' என்கிற ஆங்கிலப் பாணி தேவையில்லை. தலையை எடுத்துவிட்டு ப்ர்ஷிஹோ வைத்தால் வயிற்றுவலி, ஸுப் வைத்தால் பல்வலி, உஹோ வைத்தால் காதுவலி, ஸாடா வைத்தால் முதுகுவலி. ஒருமை, பன்மை எதுவானாலும் பொலீ மாறாது. பாதி வைத்தியம் இந்த ஒரு வாக்கியத்தில் நடந்துவிடும்.

உடல் உறுப்புகளில் எனக்கு ஒரு சந்தோஷமான ஆச்சரியம் காத்திருந்தது. கைக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல்: மணிக்கட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. காலுக்கும் அப்படியே. கால்விரலுக்குத் தனிப்பெயர் வேறு. பள்ளியில் இதற்காக எத்தனை அடி வாங்கியிருப்போம்! செக்கில் 'ருக்கா' என்றால் தோளிலிருந்து விரல்நுனி வரை கை. 'நொஹா' என்றால் இடுப்பிலிருந்து பாதம் வரை கால். 'ப்ர்ஸ்ட்' என்றால் விரல்; காலில் இருந்தால் 'காலின் மேலுள்ள விரல்' என்பார்கள். மேற்கைக்கு 'பஜே' என்று ஒரு தனிச்சொல் உண்டு, ஆனால் வலியோடு வந்த யாரும் அதைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. கையில் எங்கே வலி என்று தெரிய வேண்டுமானால் மருத்துவர் 'உகஷ்டே' என்பார். காட்டுங்கள் என்று அர்த்தம். காட்டினால் போதும்.

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்துக்கும் தொண்டைக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல், ஆங்கிலத்திலும் தனித்தனி. செக்கில் இரண்டுக்கும் 'க்ர்க்'தான், நடுவில் உயிரெழுத்தே இல்லாத சொல். 'பொலீ ம்ன்யெ க்ர்க்' என்றால் கழுத்து வலி. 'பொலீ ம்ன்யெ ஃப் க்ர்கு', அதாவது கழுத்துக்குள்ளே வலிக்கிறது என்றால், தொண்டை வலி. முதலாவதைச் சொன்னால் கழுத்தைப் பிடித்துப் பார்ப்பார்கள், இரண்டாவதைச் சொன்னால் வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

வலியில் எத்தனை விதம் என்பதைச் சொல்வதில்தான் தமிழர்களுக்கு உண்மையான லாபம். ஆங்கிலத்தில் குத்துகிற வலி, எரிகிற வலி, துடிக்கிற வலி என்று 'வலி'க்கு முன்னால் அடைமொழி ஒட்ட வேண்டும். நாம் என்ன சொல்வோம்? குத்துது, எரியுது, அரிக்குது, விண்விண்ணுனு தெறிக்குது. செக்காரரும் இப்படியே வினையாகத்தான் சொல்கிறார். 'பீஹா ம்ன்யெ' என்றால் குத்துது. 'பாலீ ம்ன்யெ' என்றால் எரியுது. 'ஸ்வ்யெடீ ம்ன்யெ' என்றால் அரிக்குது. 'ஷ்க்ராபே ம்ன்யெ ஃப் க்ர்கு' என்றால் உள்ளே பிறாண்டுது, அதாவது தொண்டை கரகரக்குது. இதில் 'பொலீ', 'பாலீ' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது வலி, இரண்டாவது எரிச்சல். மயக்கமாக வந்தால் 'டொச்சீ ஸெ மி ஹ்லவா'. பதம் பிரித்தால் 'சுத்துது எனக்குத் தலை'. இதை முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்துப்போன கால் உயிர் பெறும்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்போமே, அதற்கு அவர்கள் சொல் 'ம்ரவென்ச்செனீ', எறும்பு என்ற 'ம்ரவெனெட்ஸ்' சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதற்குக் குண்டூசியும் தையலூசியும் வரும்.

சரி, ஆங்கிலப் பாணி பலிக்கும் இடமும் உண்டு, மறைக்கக் கூடாது. நோய்க்குத் தனிப்பெயர் இருந்தால் செக்கிலும் 'மாம்', வைத்திருக்கிறேன், என்றுதான் சொல்வார்கள். 'மாம் ரீமு' என்றால் மூக்கு ஒழுகுகிறது. 'மாம் காஷெல்' என்றால் இருமல். 'மாம் ஹொரெச்கு' என்றால் காய்ச்சல். வயதானவர்கள் 'மாம் ட்லக்' என்பார்கள், 'எனக்கு அழுத்தம் இருக்கு'. நம் பாட்டிமார் "பிரஷர் இருக்கு" என்று சொல்வது போலத்தான். பிரஷர் இல்லாமல் யாரும் உயிரோடு இருக்க முடியாது என்பதை இரண்டு ஊர்ப் பாட்டிகளும் கண்டுகொள்வதில்லை.

காய்ச்சலில் ஒரு எச்சரிக்கை. நமக்கு 100, 102 என்றுதான் வாயில் வரும். அங்கே எல்லாம் செல்சியஸ். "நூறு டிகிரி" என்றால் தண்ணீர் கொதிக்கிற சூடு. நம்முடைய 100 அங்கே 37.8, 102 என்பது 38.9, 104 என்பது 40. சொல்லிலும் இரண்டு படி இருக்கிறது. 38க்குக் கீழே லேசாகச் சுட்டால் 'டெப்லொட்டா', அதாவது உடம்பு கதகதப்பு. அதற்கு மேலே போனால் 'ஹொரெச்கா', எரிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். காய்தலிலிருந்து காய்ச்சல் வந்த கதைதான். 'மாம் டெப்லொட்டு' என்று சொன்னால் வீட்டில் படுங்கள் என்பார்கள், ஹொரெச்கா என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி ஆங்கிலம் காலை வாரிவிடும் இடங்கள். இவற்றை மட்டும் பட்டியல் போலவே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், தவறில்லை.

என் முதல் குளிர்காலத்தில் தொண்டை வலியோடு மருத்துவரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'அங்கீனா' என்றார். ஆன்டிபயாடிக் எழுதினார், அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி. அன்று இரவு நான் தூங்கவில்லை. மார்பில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டு கிடந்தேன், ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. காலையில் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள்: செக்கில் அங்கீனா என்றால் டான்சில் வீக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. உலகம் முழுவதும் நோய்களுக்குக் கொடுக்கும் குறியீட்டில் ஒன்று ஜே 03, இன்னொன்று ஐ 20, அத்தனை தூரம். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். உண்மையாகவே நெஞ்சு வலிக்கும்போது நீங்கள் அங்கீனா என்று சொன்னால் எதிரில் இருப்பவர் வாயைத் திறங்கள் என்பார். நெஞ்சுவலிக்கு 'பொலீ ம்ன்யெ ந ஹ்ருடி' என்று சொல்லுங்கள். உடனே 155க்கு அடியுங்கள். 112ம் வேலை செய்யும்.

அந்த 155இல் வருகிற வண்டிக்குப் பெயர் 'ஸனித்கா'. அந்தச் சேவையை 'ஸாஹ்ரன்கா' என்பார்கள், காப்பாற்றுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. 'அம்புலான்ட்ஸே' என்று கதவில் எழுதியிருந்தால் அங்கே வண்டி இருக்காது, வெளிநோயாளிப் பிரிவு இருக்கும். மருத்துவரின் அறை 'ஓர்டினாட்ஸே'. ஆங்கிலத்தில் அதே போன்ற சொல் பாதிரியாருக்குப் பட்டம் கொடுப்பது. 'ரெட்ஸெப்ட்' என்றால் மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பும்கூட, ஆனால் பணம் கட்டிய ரசீது ஆகாது. மருந்துச் சீட்டும் இப்போது காகிதமாக வருவது அபூர்வம். 2018இலிருந்து மின்சீட்டு கட்டாயம் என்பதால் உங்கள் கைபேசிக்கு ஒரு குறியீடு வரும், அதை மருந்துக்கடையில் காட்டினால் போதும். அப்புறம் இருமல் மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் உண்டா என்று கேட்க நினைத்து, ஆங்கிலச் சொல்லையே செக் உச்சரிப்பில் இழுத்து 'ப்ரெஸெர்வட்டிஃப்' என்று கேட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். அதற்கு அர்த்தம் ஆணுறை. மருந்துக்கடைப் பெண்மணி முகம் மாறாமல் எந்த அலமாரி என்று கை காட்டினாராம். நீங்கள் கேட்க வேண்டியது 'கொன்ஸெர்வன்ட்'.

மலச்சிக்கலுக்கு 'ஸாட்ஸ்பா'. இதே சொல்தான் போக்குவரத்து நெரிசலுக்கும். ப்ராக் நகரையும் ப்ர்னோவையும் இணைக்கும் டி 1 நெடுஞ்சாலைக்கு ஸாட்ஸ்பா வந்திருக்கிறது என்று வானொலியில் அடிக்கடி கேட்பீர்கள். கவலைப்பட வேண்டாம்.

நோய்ப் பெயர்களை நான் ரசித்துப் படித்தேன் என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். ஆங்கிலத்தில் நோய்ப் பெயர்களில் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். சொல்லைப் பார்த்து நோயை ஊகிக்க முடியாது. செக்கில் பெயர் உடைத்தால் பொருள் கொட்டும். மஞ்சளுக்கு 'ஜ்லுட்டா', மஞ்சள் காமாலைக்கு 'ஜ்லௌடென்கா'. கல்லீரல் அழற்சியையும் ஊரில் அப்படியேதான் சொல்வார்கள். கடுங்கோபத்துக்கு 'வ்ஸ்டெக்', வெறிநாய்க் கடி நோய்க்கு 'வ்ஸ்டெக்லினா'. கக்குவான் இருமலுக்கு 'ச்செர்னீ காஷெல்', கறுப்பு இருமல். நாம் பொன்னுக்கு வீங்கி என்று அழகாகப் பெயர் வைத்த நோய்க்கு 'ப்ர்ஷீஉஷ்னிட்ஸே', காதுக்குப் பக்கத்தில் உள்ளது. (இந்தச் சொல்லில் வரும் 'ர்ஷ்' ஒலியை நான் எழுதியபடி படிக்காதீர்கள். ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் உருளும் ஒலி அது. உலகத்தில் எங்களால் மட்டும்தான் முடியும் என்று அவர்கள் அதைப் பற்றிப் பெருமை பேசுவதைக் கேட்டால் நம் ழகரக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள்.) நண்டு வகையைச் சேர்ந்த நன்னீர் உயிரி 'ராக்', அதிலிருந்து புற்றுநோய்க்கு 'ரக்கொவினா'. கிரேக்கர், லத்தீன்காரர் எல்லோருக்கும் அந்த நோயைப் பார்த்தால் நண்டுதான் தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் கறையான் புற்று தெரிந்திருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு 'ட்ஸுக்ரொஃப்கா'. 'ட்ஸுக்ர்' என்றால் சர்க்கரை. இது வெறும் ஒற்றுமை இல்லை, உண்மையாகவே உறவு. வடமொழியின் சர்க்கரா பாரசீகம், அரபு, இத்தாலி, ஜெர்மன் என்று ஊர் ஊராக நடந்து செக்குக்குப் போய் ட்ஸுக்ர் ஆனது. நம்மிடம் பக்கத்திலிருந்தே வந்து சேர்ந்தது. ஆக, மதுரையில் சர்க்கரை வந்தவரும் ப்ர்னோவில் ட்ஸுக்ரொஃப்கா வந்தவரும் ஒரே சொல்லால் அவதிப்படுகிறார்கள்.

சின்ன உபாதைகளுக்குப் பண்ணையையே இறக்கிவிட்டிருக்கிறார்கள். கால் ஆணிக்கு 'குர்ஷீ ஓக்கோ', கோழியின் கண். கண்கட்டிக்கு 'யெச்னே ஸெர்னோ', பார்லி மணி. இடுப்பு திடீரென்று பிடித்துக்கொண்டால் 'ஹௌஸெர்', ஆண் பெருவாத்து பிடித்துவிட்டது. குடித்த மறுநாள் தலைவலிக்கு 'கொட்ஸொவினா', பூனைச் சங்கதி. வசந்தத்தில் பூந்துகளால் வரும் தும்மலுக்கு 'ஸென்னா ரீமா', வைக்கோல் ஜலதோஷம். ஆங்கிலம் இதைக் காய்ச்சல் என்கிறது, உடம்பு சுடவே சுடாது. இந்த இடத்தில் செக்காரர் பக்கம்தான் நியாயம்.

இப்படித் தாய்மொழியில் மருத்துவம் பேசுவது அவர்களுக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ப்ராக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் லத்தீனிலும் ஜெர்மனிலும்தான் நடந்தது. யான் எவஞ்செலிஸ்டா புர்கின்யே 1862இல் செக் மருத்துவர்களுக்காகச் செக்கிலேயே ஒரு இதழ் தொடங்கினார். மருத்துவம் படித்தவர்கள் மூளையிலும் இதயத்திலும் உள்ள செல்களுக்குப் பர்கின்ஜி என்ற பெயரைப் படித்திருப்பார்களே, அவரேதான். 1882இல் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என்று இரண்டாகப் பிரிந்தது. புர்கின்யே இதழ் தொடங்கிய காலத்தையொட்டி, 1860களில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். செக்கில் தொடர்ந்தது, தமிழில் அறுந்தது. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

உங்கள் ஆங்கிலம் வீணாகிவிடுமோ என்று வருத்தப்பட வேண்டாம், அதற்கும் ஒரு இடம் இருக்கிறது: காகிதம். வாயால் ஸான்யெட் ஸ்லெபேஹோ ஸ்ட்ர்ஷெவா, 'குருட்டுக் குடலின் அழற்சி', என்று சொல்லும் அதே மருத்துவர், அறிக்கையில் அதை லத்தீனில் அப்பெண்டிசிட்டிஸ் என்று எழுதுவார். பேச்சில் அங்கீனா, தாளில் டான்சிலிட்டிஸ். உங்கள் செக் நண்பர் அந்தத் தாளைப் பார்த்து விழிக்கும்போது நீங்கள் கடகடவென்று படித்துவிடுவீர்கள். பேச்சுக்குத் தமிழ் மூளை, தாளுக்கு ஆங்கில மூளை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர் என்பதால் ஒரு சொல் கட்டாயம்: 'நெஸ்ஹொபென்கா'. வேலைக்கு இயலாதவர் என்று மருத்துவர் கொடுக்கும் சான்று, இங்கேயும் 'முடியாமை'தான். 2020இலிருந்து இதுவும் மின்வழி. முதல் 14 நாள் சம்பளத்தில் ஒரு பங்கை முதலாளி கொடுப்பார், 15ஆம் நாளிலிருந்து அரசின் சமூகக் காப்பீடு. இதோடு 'விஹாஸ்கி' என்ற சொல்லையும் கேட்பீர்கள். உலாவப் போவது என்று பொருள். படுத்திருக்க வேண்டிய நாட்களில் வெளியே போய்வர மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நேரம் அது, காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையே அதிகபட்சம் 6 மணி நேரம். மற்ற நேரத்தில் வீட்டில் இருக்கிறீர்களா என்று பார்க்க ஆள் வரக்கூடும். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனைக்குள் நடந்துகொள்வது பற்றிக் கொஞ்சம். காத்திருக்கும் அறைக்குள் நுழையும்போது அங்கே இருப்பவர்களுக்குப் பொதுவாக 'டொப்ரீ டென்' என்று வணக்கம் சொல்வது மரியாதை. மருத்துவரை 'பனே டொக்டொரே', பெண்ணானால் 'பனீ டொக்டொர்கோ' என்று அழைக்க வேண்டும். விளி வேற்றுமை அவர்களிடமும் உண்டு. நர்ஸை 'ஸெஸ்ட்ர்ஷிச்கோ' என்பார்கள், சகோதரியே என்று. நாம் சிஸ்டர் என்பதுதான். மருத்துவர் 'ட்சோ வாஸ் ட்ராபீ?' என்று கேட்பார், உங்களை என்ன வாட்டுகிறது? 'ஒட்லொஷ்டே ஸி' என்றால் பொருள்களைக் கீழே வையுங்கள் என்று அகராதி சொல்லும். நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். சட்டையைக் கழற்றுங்கள் என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனைக்கு 'நலச்னோ' வரச் சொன்னால் வெறும் வயிற்றோடு வாருங்கள்.

கோடையில் காட்டுப்பக்கம் நடக்கப் போனால் திரும்பி வந்து உடம்பை ஒரு முறை பாருங்கள். 'க்லீஷ்ட்யே' என்ற உண்ணி ஒட்டியிருக்கலாம். லைம் நோயும் ஒரு வகை மூளைக் காய்ச்சலும் அதன் வழியாக வரும். மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, லைமுக்குக் கிடையாது. 'மாம் க்லீஷ்ட்யே' என்று சொன்னாலே போதும், அவர்களே எடுத்துவிடுவார்கள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதை மட்டும் இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள்: ஆண் 'ய்ஸெம் அலெர்கிட்ஸ்கீ ந பெனிட்ஸிலின்' என்பார், பெண் 'அலெர்கிட்ஸ்கா' என்பார். பெனிசிலின் இருக்கும் இடத்தில் உங்களுக்கு ஆகாத மருந்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.